புள்ளி ஈமாக்ஸ் கோப்பும் வெள்ளிமலை ஆயாவும்

எங்கள் கணினியில் ‘புள்ளி ஈமாக்ஸ்’ என்றொரு கோப்பு இருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாக அது கண்ணில் படாது. லினக்சில் புள்ளி வைத்துத் தொடங்கும் பெயர்களெல்லாம் மறைவுக் கோப்புகள், தேடிப்போனால்தான் தெரியும். ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி திறக்கும் ஒவ்வொரு முறையும், நாங்கள் ஓர் எழுத்தைத் தட்டுவதற்கு முன்பே, அந்தக் கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, அதில் சொல்லியிருப்பதையெல்லாம் செய்து முடித்துவிடுகிறது. எழுத்துரு இன்னது, விசைப்பலகை தமிழ்99, நாங்கள் எழுதிய குறுநிரல்கள் இன்ன அடைவில் இருக்கின்றன, அவற்றை ஏற்று. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்தக் கோப்பை ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குக் குடிபெயர்த்துக்கொண்டே வந்திருக்கிறோம், வீடு மாறும்போது அம்மியைத் தூக்கிப் போவதுபோல.

அதில் ஒரு வரிக்கு முன்னால் மட்டும் மூன்று அரைப்புள்ளிகள் உண்டு. லிஸ்ப் மொழியில் அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவதை இயந்திரம் படிக்காது; மனிதர் படிக்கலாம். அந்த ஒரு வரியைப் பற்றி எழுத நீண்ட நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்பது இருவர். ஒருவர் கள்ளக்குறிச்சியில் அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவர். மற்றவர் கூட்டுறவு நிறுவனமொன்றில் கணக்கெழுதுபவர். கணினி கற்றுத் தேர்ந்தவர்கள் அல்லர். தமிழை ஒழுங்காகத் தட்டச்சு செய்து, ஒழுங்காகச் சேமிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் இந்தக் காட்டுக்குள் நுழைந்து வழி தெரியாமல் தங்கிவிட்டவர்கள். (எங்களில் ஒருவர் முதலில் விம் கட்சியில் இருந்தார். 2023 ஆகஸ்டில் பிராம் மூலனார் மறைந்த செய்தி வந்தபோது ஒருநாள் முழுக்க ஈமாக்ஸைத் திறக்க மறுத்தார்.)

ஈமாக்ஸின் வரலாறே இந்தக் குறுநிரல்களின் வரலாறுதான். 1976இல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் டெக்கோ என்ற பழைய தொகுப்பிக்கு ஆளாளுக்கு எழுதி வைத்திருந்த குறுக்குவழிகளை ரிச்சர்ட் ஸ்டால்மன், கய் ஸ்டீல் முதலியோர் ஒன்றுதிரட்டினார்கள். அந்தத் திரட்டுக்கு வந்த பெயர் ஈமாக்ஸ். இன்று புழங்கும் குனூ ஈமாக்ஸ் 1985இல் வெளியே வந்தது. விம் பயனர்களின் கோப்புப் பெயர் ‘ஆர்சி’ என்று முடியும்; அந்த வால் 1960களின் சி.டி.எஸ்.எஸ். என்னும் இயங்குதளத்தில் ‘ரன்காம்’ எனப்பட்ட கட்டளைத் தொகுப்பிலிருந்து வந்தது. ஆக, தொகுப்பி விழிக்கும் முன்பே அதன் காதில் நம் விருப்பங்களை ஓதிவைக்கும் வழக்கம் எங்கள் இருவரின் வயதைக் காட்டிலும் மூத்தது.

நிற்க.

கல்வராயன் மலையில் பழங்குடியினர் பள்ளியொன்றில் நெடுங்காலம் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். பெயர் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. மலையாளிகள் எனப்படும் அந்த மலைமக்களின் பாட்டுகளையும் சொற்களையும் அவர் பல ஆண்டுகள் குறித்து வைத்திருந்தார். (மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்கும் நண்பர்களுக்கு: இவர்கள் மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.) சாமை, தினை, கேழ்வரகு இவற்றின் வகைப் பெயர்கள், கடுக்காய் பொறுக்கும்போது பேசிக்கொள்ளும் சொற்கள், நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அதில் உண்டு. ஜாகீர்தார்களின் பிடியில் அந்த மலை இருந்த காலத்தை நினைவில் வைத்திருந்த முதியவர்கள் சொன்ன கதைகளும் உண்டு. 1976வரை அந்த நிலை நீடித்தது என்பதை மலைக்குக் கீழே இருப்பவர்களிலேயே பலர் அறியமாட்டார்கள்.

1998இல் அவர் அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதியைக் கள்ளக்குறிச்சியில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்வித்தார். புத்தகமாகப் போட நினைத்தார், பணம் சேரவில்லை. 2010இல் அவர் இறந்தார். நோட்டுப் புத்தகங்களில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அவர் மகள் எங்களிடம் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். “அப்பா எழுதுனது இதுல இருக்குதுன்னு சொல்வாரு. எங்க கம்ப்யூட்டர்ல தொறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தா வருது” என்றார்.

அது இங்கிலீஷ் அன்று, பாமினி. பழைய எழுத்துருக்களின் தந்திரம் எளியது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லையென்றால் கீழே கிடக்கும் ஆங்கில எழுத்துகள்தாம் தெரியும். ‘வெள்ளிமலை’ என்ற பெயர் பாமினிக் கோப்பில் என், டி, எஸ், அரைப்புள்ளி, எஸ், பி, கே, ஐ, ஒய் என்று கிடக்கும். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியேற்றம். திஸ்கி இருந்தது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தாம், தாப் வந்தன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றது 2010இல்தான். அதற்குள் எத்தனை குறுந்தகடுகள் எத்தனை பரண்களில் ஊமையாகிப் போயினவோ!

ஆசிரியரின் தகட்டை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு குறுநிரல் எழுதினோம். அதைத் தனிக் கோப்பாக அடைவில் வைத்து, புள்ளி ஈமாக்ஸில் ‘லோட்’ என்று ஒரு வரி சேர்த்தோம். வேலை பார்ப்பதற்குச் சுலபம், நினைப்பதற்குக் கடினம். பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னால் வரும், மெய் பின்னால் வரும். ஒருங்குறியில் ஒலி வரிசை. மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால். எனவே கொம்பைப் பிடித்து மெய்க்குப் பின்னால் தள்ள வேண்டும். அதற்கு முன்பே, கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்த ‘கொ’ போன்றவற்றைத் தனியாகப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கால் அநாதையாக நிற்கும். விதிகளின் வரிசை மாறினால் சொல் சிதையும்.

முதல் ஓட்டத்தில் கிடைத்த பிரதியின் முதல் வரியிலேயே ‘வௌ்ளிமலை’ என்று இருந்தது.

இந்தச் சிதைவை வாசகர்கள் இணையத்தில் பார்த்திருப்பார்கள். ‘வௌியீடு’, ‘தௌிவு’ என்றெல்லாம் பல தளங்களில் இன்றும் கிடக்கின்றன. ஔகாரத்தின் பின்னொட்டும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வந்த வினை. பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை. கொம்பு, ஒரு மெய், ஒரு ளகரம் வரிசையாக வந்தால் அது ஔகாரம் என்று நாங்கள் விதி எழுதியிருந்தோம். கௌரவமும் மௌனமும் சரியாக வந்தன, வெள்ளிமலை உடைந்தது. கல்வராயன் மலையின் தலைமை ஊரே முதல் வரியில் உடைந்து கிடப்பதைப் பார்த்து இரவு பதினொரு மணிக்கு இருவரும் சிரித்தோம். பிறகு விதியைத் திருத்தினோம். ளகரத்துக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே, இல்லாவிட்டால் ஔகாரம்.

எழுத்துத் தமிழுக்கு இந்த விதி கிட்டத்தட்டப் பொருந்தும். கொம்புக்குப் பிறகு வெறும் ளகரம் வரும் சொற்கள் எழுத்துத் தமிழில் அரிது. ஆனால் பேச்சில்? விளக்கு, ‘வெளக்கு’. விளைந்தது, ‘வெளஞ்சது’. விளையாட்டு, ‘வெளயாட்டு’. ஆசிரியர் கேட்டதைக் கேட்டபடி எழுதியவர். எங்கள் குறுநிரலோ அவற்றையெல்லாம் ‘வௌக்கு’, ‘வௌஞ்சது’ என்று ஆக்கித் தள்ளியது. பேச்சைப் பதிவுசெய்த கோப்பு என்பதை மறந்து, நூல்களை மனத்தில் வைத்து விதி எழுதியிருக்கிறோம் என்பது அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு தொழில்நுட்பக் கோளாறாக மட்டுமே அதை எடுத்துக்கொண்டு, அந்தச் சொற்களைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ரகரத்துக்குப் பதிலாகக் காலைப் போட்டுப் புள்ளி வைக்கும் தட்டச்சர்களின் பழக்கத்தால் வந்த ‘அவா்’களையும் ‘ஊா்’களையும் திருத்தினோம். பிரதி வாசிக்கத்தக்கதாக ஆனது.

2011 தை மாதம் ஆசிரியரின் மகளையும் அழைத்துக்கொண்டு மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் பேருந்து. தகட்டில் இல்லாத பாட்டுகள் சிலவற்றை ஆசிரியருக்குப் பாடிக் காட்டியவர் என்று மகள் அறிந்திருந்த ஒரு மூதாட்டியைப் பார்ப்பது நோக்கம். வெள்ளிமலையிலிருந்து உள்ளே நடந்துபோக வேண்டிய ஊர். மடிக்கணினியைச் சுமந்துகொண்டு போனோம்.

ஆசிரியர் இறந்த செய்தி அந்த ஆயாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகள் சொன்னார். ஆயா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாசலுக்கு வெளியே வந்து, களத்து ஓரம் தரையில் உட்கார்ந்து, மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். அழுகை சில நிமிடங்களில் பாட்டாகியது. ஒப்பாரி.

அப்போது நாங்கள் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவர் மடிக்கணினியைத் திறந்தார். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட வரிகளைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தார். இறந்துபோன நண்பருக்காக ஒரு கிழவி அழுதுகொண்டிருந்தார்; அவர் மகள் அழுதுகொண்டிருந்தார்; நாங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, ஆயினும் பெரும்பகுதி சிக்கியது. முடிந்ததும் சேமித்தோம். பிறகு ஆயா மூஞ்சி கழுவிவிட்டு எங்களுக்குச் சோறு போட்டார். பிற்பகலில் தாலாட்டு, நடவுப் பாட்டு என்று வேறு சில பாட்டுகளையும் பாடினார். அவற்றையும் தட்டி, அவற்றையும் சேமித்தோம்.

அந்த ஆண்டு ஆனியில், எல்லாவற்றையும் அச்சிட்டு, நூல் கட்டி, மறுபடியும் போனோம். வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்ற எண்ணம். நடவுப் பாட்டை வாசித்தோம். ‘கேழ்வரகு’ என்ற இடத்தில் ஆயா நிறுத்தினார்.

“அது என்னா சாமி?”

பள்ளியில் படிக்கும் பேரன் சொன்னான்: “கேவுருதான் ஆயா. புஸ்தவத்துல அப்படித்தான் இருக்கும்.”

ஆயா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து அடுத்த பாட்டுக்குப் போனோம். அதிலும் ‘தவிடு’ என்று இருந்தது. அவர் ‘தவுடு’ என்றுதான் பாடியிருப்பார். ‘மழை’ என்று இருந்தது. ‘மள’ என்றிருக்க வேண்டும். சிரிப்பு அடங்கியது. கடைசியில் மகள் கேட்டுக்கொண்டதால் ஒப்பாரியை வாசித்தோம். ஆயா முழுவதும் கேட்டார். “இது நான் அழுவுனது இல்ல சாமி. வாத்தியாரு பாடம் நடத்துற மாதிரி இருக்குது” என்றார். கோபமில்லை, ஒரு தகவலாகச் சொன்னார்.

இறங்கும் பேருந்தில் நாங்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தோம். தட்டியவர்தான் பழக்கதோஷத்தில் திருத்தித் தட்டிவிட்டார் என்று ஒருவர். சொல்லிக்கொடுத்தவர்தான் எழுத்துத் தமிழாக்கிச் சொன்னார் என்று மற்றவர். இருவர் சொல்வதும் தவறு என்பது மறுநாள் தெரிந்தது. சோதனைக்கு ஒரு புதுக் கோப்பைத் திறந்து ‘கேவுரு’ என்று தட்டினோம். திரையில் கேவுரு. சேமித்தோம். கேழ்வரகு.

மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களில் மெய்ப்புத் திருத்துபவர் ஆய்வேடுகளும் ஆண்டு மலர்களும் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு குறுநிரல் எழுதியிருந்தார். முந்நூறுக்கு மேற்பட்ட இணைகள் கொண்ட பட்டியல். இடப்பக்கம் பேச்சு வடிவமும் வழக்கமான பிழைகளும், வலப்பக்கம் எழுத்து வடிவம். கோப்பைச் சேமிக்கும் தறுவாயில் தானாக ஓடும்படி ‘பிஃபோர் சேவ் ஹுக்’ என்னும் கொக்கியில் அதை மாட்டியிருந்தார். புள்ளி ஈமாக்ஸில் அதற்கு ஒரே ஒரு வரி. லோட், கோப்பின் பெயர், அவ்வளவுதான். அந்த வேலை நின்றுபோனது, வரி நின்றது. அதன் மேல் புதிய வரிகள் ஏறி ஏறி, அது நடுவில் எங்கோ புதைந்தும் போனது. நாங்கள் மறந்தோம். தொகுப்பி மறக்கவில்லை, ஒவ்வொரு காலையிலும் அதை நினைவுகூர்ந்துகொண்டிருந்தது.

மாதக்கணக்கில் நாங்கள் எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று வாசகர்கள் கேட்கலாம். திரையில் மாறும்போது பார்க்கத்தானே செய்கிறோம்? பார்த்திருக்கிறோம். ஆனால் ‘வீடு’ என்றும் ‘மழை’ என்றும் ஒரு பக்கத்தில் இருப்பதைக் காண்பதில் கண்ணுக்கு என்ன வியப்பு? பிழையைப் பிடிக்கப் பழகிய கண் அது. சரியாக இருப்பதன்மேல் அது நிற்பதில்லை. ‘வௌ்ளிமலை’ முதல் வரியிலேயே கண்ணை உறுத்தியது. ‘கேழ்வரகு’ ஒருநாளும் உறுத்தவில்லை.

தகட்டிலிருந்து வந்த பகுதியைப் பற்றிக் கவலையில்லை. மூலம் இருந்தது, மறுபடி மாற்றிக்கொள்ளலாம், கையால் செய்த திருத்தங்களை மறுபடி செய்யலாம். சிக்கல், ஆயாவின் வாயிலிருந்து நேரடியாகத் தட்டியவை. ஈமாக்ஸ் ஒவ்வொரு முந்நூறு விசைத் தட்டலுக்கும் ஒருமுறை, இல்லாவிட்டால் அரை நிமிடம் கை ஓய்ந்தால் ஒருமுறை, வேறொரு கோப்பில் தானாகவே ஒரு நகலை வைக்கும். பெயரின் இருபுறமும் சதுரக் குறியிட்ட கோப்பு. அந்த நகலில் கொக்கி ஓடுவதில்லை. ஆயா பாடியது பாடியபடியே அதில் இருந்திருக்கும். ஆனால் நாம் முறைப்படி சேமித்த கணமே, இனி வேண்டாமென்று ஈமாக்ஸ் அந்த நகலை அழித்துவிடும். மடிக்கணினியின் வட்டிலிருந்து அழிந்ததை மீட்க முடியுமா என்று பாண்டிச்சேரியில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. பட்டியலைத் தலைகீழாக ஓட்டினால் என்ன என்று ஒரு யோசனை எழுந்தது. அதுவும் ஆகாது. ‘வூடு’ என்பதும் ‘ஊடு’ என்பதும் பட்டியலில் ஒரே ‘வீட்டு’க்குள் போயிருந்தன. உள்ளே போனவை எந்த வாசலால் போயின என்று அறிய வழியில்லை. பாட்டில் உண்மையாகவே ‘வீடு’ என்று வந்த இடமும் இருந்திருக்கலாம்.

வேறு வழியில்லை, மறுபடி மலையேறினோம். இம்முறை ஓர் ஒலிப்பதிவுக் கருவியையும் வாங்கிக்கொண்டோம். அதற்கு முன் வீட்டுக் கணினியில் திருத்திக் குறுநிரலின் பட்டியலைக் காலிசெய்து, ‘கேவுரு’ என்று தட்டிச் சேமித்துப் பார்த்தோம். கேவுருவாகவே இருந்தது. திருத்திய கோப்பைப் பென்டிரைவில் எடுத்து மடிக்கணினியில் பழையதன்மேல் ஏற்றினோம். ஆடி மாதம், மலையில் சாரல். ஆயா தாலாட்டையும் நடவுப் பாட்டையும் பொறுமையாகப் பாடினார். ஒலிப்பதிவும் ஆனது, தட்டச்சும் ஆனது.

இரவு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே கோப்பைப் படித்தோம். ஒலிநாடாவில் கேவுரு. கோப்பில் கேழ்வரகு.

அந்த இரவில் பேய் பிசாசுகளில் நம்பிக்கை வைக்கத் தயாராகவே இருந்தோம். காரணம் அற்பமானது. ஈமாக்ஸ் குறுநிரல்களுக்கு இரண்டு உடல்கள் உண்டு. நாம் எழுதும் மூலம் ஒன்று. விரைவாக ஓடுவதற்காக அதை இயந்திரத்துக்கு உகந்தபடி தொகுத்து வைத்த ‘இஎல்சி’ என்னும் நகல் மற்றொன்று. மடிக்கணினி பழையது, மெதுவானது என்பதால் எப்போதோ எங்களில் ஒருவர் அந்தத் திருத்தியை அதில் தொகுத்து வைத்திருந்தார். வீட்டுக் கணினியில் அப்படிச் செய்திருக்கவில்லை. பெயரை மட்டும் சொல்லி லோட் என்றால் ஈமாக்ஸ் முதலில் தேடுவது தொகுத்த நகலை. மூலம் புதியது, நகல் பழையது என்று தெரிந்தாலும் பழைய நகலையே ஏற்றும். அடியில் உள்ள ஒற்றை வரியில், மூலக்கோப்பு நகலைக் காட்டிலும் புதியது என்று ஒரு செய்தியைக் காட்டும். அடுத்த செய்தி வந்ததும் அது மறைந்துவிடும். காட்டியிருக்கும். பார்க்கவில்லை. எது புதியதோ அதை ஏற்றும்படி ஈமாக்ஸிடம் சொல்லிவைக்கும் வசதி 2014இல் 24.4ஆம் பதிப்பில்தான் வந்தது. இன்றும் நாமாகச் சொன்னால்தான் அது செயல்படும். அதைச் சொல்லும் வரிதான் இப்போது எங்கள் புள்ளி ஈமாக்ஸில் முதல் வரி. அவ்வாறே, சேமிக்கும்போது தானாக எதையும் திருத்தும் குறுநிரல் எங்களிடம் இப்போது ஒன்றும் இல்லை. திருத்த வேண்டுமென்றால் நாங்களே ஒரு விசையை அழுத்தி, ஒவ்வோர் இடத்திலும் ஆம், இல்லை என்று பதில் சொல்லுகிறோம். நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

ஒலிப்பதிவு இருந்ததால் பாட்டுகள் பிழைத்தன. ஒப்பாரி பிழைக்கவில்லை.

அதைக் கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை. மகள்தான் மெல்லக் கேட்டார். ஆயா தலையசைத்து மறுத்தார். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கக்கூடாது என்பது நாங்களும் அறிந்த வழக்கம்தான். மலையென்றும் சமவெளியென்றும் அதில் பேதமில்லை. தவிர, அது அவர் பாடிக் காட்டிய பாட்டே அன்று. ஒரு செய்தி கேட்ட கணத்தில் அழுத அழுகை. அன்றைக்கு வந்தது அன்றோடு போய்விட்டது என்பதுபோல ஏதோ சொன்னார். எங்களுக்கு மோர் கொடுத்தார்.

ஆக, எங்களிடம் இருப்பது எங்கள் திருத்தி எழுதிய ஒப்பாரி. அதில் ஓரிடத்தில் ‘ஊரு’ என்று ஓரடி தொடங்குகிறது; அதற்கு இணையான அடுத்த அடி ‘வீடு’ என்று தொடங்குகிறது. ‘ஊரு’ எங்கள் பட்டியலில் இல்லாததால் தப்பியிருக்கிறது. ஒப்பாரியில் மோனை தவறுவது அரிது. எனவே அவர் பாடியது ‘ஊடு’ என்றே இருக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவரின் வாதம். மற்றவர் ஒப்பவில்லை. அழுகிறவர்கள் மோனை பார்த்து அழுவதில்லை. தவிரவும் ஊகத்தின்மேல் ஒரு சொல்லை வைத்தால் அதுவும் ஒரு திருத்தம்தானே, குறுநிரல் செய்ததை இப்போது கையால் செய்கிறோம், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. பாடபேதத்துக்கு ஏட்டுச்சுவடி வேண்டும், நூறு நூறு ஆண்டுகள் கழிய வேண்டும் என்று நினைத்திருந்தோம். ஆறு மாதம் போதுமாக இருந்தது. எங்கள் கையே போதுமாக இருந்தது. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல், நகலெடுத்துக் கட்டிய அந்தச் சிறு நூலில் ஒப்பாரியை அப்படியே ‘வீடு’ என்று விட்டு, பட்டியலில் அகப்பட்டிருக்கக்கூடிய சொற்களின் கீழெல்லாம் கோடிட்டோம். மொத்தம் பத்தொன்பது கோடுகள். ஏன் கோடு என்பதற்கு முன்னுரையில் ஒரு பத்தி எழுதினோம். ஆசிரியரின் மகள் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

2013 மாசியில் ஆயா இறந்துபோனார். பேரன் தொலைபேசியில் சொன்னான். போனோம். கையில் எதையும் எடுத்துப்போகவில்லை. கைப்பேசியையும் பையிலிருந்து எடுக்கவில்லை. வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். எங்களுக்குக் காது வேறெதற்கும் திறக்க மறுத்தது. அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் காத்துக்கொண்டிருந்தது. வந்தது. பாட்டை எடுத்த பெண் ‘ஊடு’ என்றாள். பக்கத்தில் இருந்தவள் அதே அடியைத் திருப்பிப் பாடும்போது ‘வூடு’ என்றாள்.